காணாமல்போன ஒரு மணி நாற்பது நிமிடம்

பேருந்து டிப்போவுக்குள் நுழைந்ததும் இடது கை ஓரமாக, டீசல் பம்புக்கும் காவலர் அறைக்கும் நடுவில், கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் டூட்டியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அவரே அதை மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறார்.

நூற்று எண்பது டிரைவர்கள், எழுபத்து நான்கு வண்டிகள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, எங்கே விடுவது என்பதெல்லாம் அவர் எழுதுகிற பட்டியல்தான். உட்கார்ந்த இடத்தில் பேனா பிடிக்கிற வேலைதானே என்று நினைப்பவர்கள் ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்கு மச்சினன் கல்யாணம். இன்னொருவர் நேற்றுச் சண்டை போட்ட கண்டக்டரோடு போகவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்பார். இத்தனைக்கும் நடுவே ஆறு மணி வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். இருபத்து மூன்று வருடமாகக் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. எந்தப் பதினான்கு நாளை எடுத்துப் பார்த்தாலும் ஒரு டிரைவர் தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டியிருக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஸ்டீயரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டலை டூட்டியம்மா இருபத்திரண்டு வருடம் மேசை அகலத்துக்கு ஒரு பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு கையால் போட்டார். போன வருடம்தான் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கும் மென்பொருள் அது. டிரைவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வந்தால் அனுப்பலாம், சிவப்பு வந்தால் அனுப்பக் கூடாது. அவ்வளவுதான். டூட்டியம்மாவுக்கும் அது பிடித்துப்போயிற்று. பொய் சொல்வானேன், கழுத்து வலி குறைந்திருந்தது.

அந்த மாதம் ஒன்பதாம் தேதி காலையில் ஜன்னலுக்கு வெளியே நிதானம் வந்து நின்றார். அவசரப்படாமல் ஓட்டுகிறவர் என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர். இருபத்தொரு வருட சர்வீஸ். ஒரு மட்கார்டைக்கூட உரசியதில்லை.

"டூட்டியம்மா, இன்னிக்கு என்னால வண்டி எடுக்க முடியாது. இந்த டூட்டி பாத்தா எனக்குத் தொண்ணூறு தாண்டிடும்."

டூட்டியம்மா திரையைப் பார்த்தார். "இன்னிக்கு ஓட்டப்போறதையும் சேத்து எண்பத்தொம்பது மணி இருபது நிமிஷம்தான் வருது. பச்சை காட்டுது."

"பச்சை காட்டுனா காட்டட்டும். பதினாலு நாளா ஓட்டினது நான்."

அவருக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். வெளியே அவருடைய வண்டியில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். டூட்டியம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம்.

"மெஷினை விட நீங்க நல்லாக் கூட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நிதானம் வரிசையை விட்டு விலகினார். போய் ஓய்வறை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டூட்டியம்மா வேறு ஆளைப் போட்டு வண்டியை அனுப்பிவிட்டு, அச்சடித்த சீட்டில் "காரணமின்றிப் பணி மறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிதானத்துக்கு ஏற்கெனவே ஒரு மறுப்புச் சீட்டு இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் பிரேக் சரியில்லாத வண்டியை எடுக்க மாட்டேன் என்று நின்றதற்காக வந்தது. இரண்டாவது சீட்டு விழுந்ததும் சஸ்பெண்ட் ஆனார். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி விசாரணை என்று ஓலை வந்தது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். இருபத்தொரு வருடத்தையும் ஒரு கையெழுத்து விழுங்கிவிடும், அதுவும் டூட்டியம்மாவின் கையெழுத்து.

இரண்டு நாள் டூட்டியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் சோம்பேறி இல்லை, பொய் சொல்கிறவரும் இல்லை. மூன்றாவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பதின்மூன்று நாள் டிரிப் சீட்டுகளையும் ஒன்பதாம் தேதிக்குப் போட்டிருந்த டூட்டியையும் எடுத்து வைத்து, பழையபடி கையால் கூட்டினார். தொண்ணூற்றொரு மணி வந்தது. மறுபடி கூட்டினார். கீழிருந்து மேலாக ஒரு தடவை கூட்டினார். தொண்ணூற்றொன்றுதான்.

திரையில் இருந்த ஒவ்வொரு நாளையும் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். பதின்மூன்று நாள் சரியாக இருந்தது. போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி மட்டும் உதைத்தது. அன்று மாலை எடுத்த வண்டியை நிதானம் நள்ளிரவு தாண்டித்தான் விட்டிருக்கிறார். ஓட்டியது ஆறு மணி ஐம்பது நிமிடம். திரையில் ஐந்து மணி பத்து நிமிடம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஓட்டிய ஒரு மணி நாற்பது நிமிடம் பழைய மாதத்திலும் இல்லை, புது மாதத்திலும் இல்லை. போன இடம் தெரியவில்லை.

மேலாளரிடம் போனார். மேலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் எந்தக் காகிதத்தையும் தன் மேசையில் தங்கவிட மாட்டார்.

"எத்தனை ஊர்ல எத்தனை பேர் இதை வெச்சிருக்காங்க. அவங்களுக்கெல்லாம் சரியா வருது, உங்களுக்கு மட்டும் தப்பா வருதா?" என்றார். "கையால கூட்டினா தப்பு வரும்மா. மெஷின் கூட்டினா எப்படி வரும்?"

மூன்று நாள் முன்பு தான் சொன்னதே வேறொருவர் வாயிலிருந்து திரும்பி வந்ததைக் கேட்டு டூட்டியம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"சாஃப்ட்வேர் பண்ணினவங்களே தப்புன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா சார்?"

"அவங்க சொன்னா சரிதான். எழுத்துல வாங்கிட்டு வாங்க."

அந்த எழுத்தை யாரிடம் போய் வாங்குவது? கம்பெனி என்று ஒன்று இருந்தால் அதன் வாசலில் போய் உட்கார்ந்திருப்பார். இதற்கு வாசலே இல்லை. திரையின் அடியில் பொடி எழுத்தில், "இது திறந்த மூல மென்பொருள். பிழை கண்டால் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

வீட்டில் அவருடைய நாத்தனார் இருந்தாள். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அவரிடம் அதை நன்றாகவே பழகியிருந்தாள். இப்போது இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறை.

"ஓப்பன் சோர்ஸ் அண்ணி. எல்லாம் வெட்டவெளியில நடக்கும். யார் வேணா போய்க் குறை சொல்லலாம்" என்று அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

குறை சொல்லத்தானே? டூட்டியம்மா உட்கார்ந்து எழுதினார். மேலிடத்துக்கு மனு எழுதிப் பழகிய கை. தங்கள் மென்பொருளால் ஒரு நேர்மையான மனிதரின் வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது என்று தொடங்கி, உடனடி நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்து, கீழே டூட்டியம்மா என்று பெயர் போட்டார். இரண்டு பக்கம். கூடவே திரையைப் படம் பிடித்தும் ஒட்டப்போனார்.

"ஐயோ அண்ணி, அதுல டிரைவருங்க பேரெல்லாம் இருக்கு. உலகமே பாக்கும்" என்று நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதம் போயிற்று, படம் மட்டும் தப்பித்தது.

மறுநாளே பதில் வந்தது. எந்த நாட்டுக்காரரோ, தெரியாது. அந்த மென்பொருளுக்குள் எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்களில் ஒருவர். வருத்தம் தெரிவித்துவிட்டு நான்கு கேள்வி கேட்டிருந்தார். எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்? என்ன செய்தீர்கள்? என்ன வந்தது? என்ன வந்திருக்க வேண்டும்?

"ஆளுக்கு வேலை போகுதுன்னு எழுதுறேன், இவர் பதிப்பு எதுன்னு கேக்குறாரே. கல்நெஞ்சுக்காரர்" என்று டூட்டியம்மா பொரிந்து தள்ளினார்.

"நீங்க கஷ்டத்தைச் சொல்லியிருக்கீங்க அண்ணி, பிழையைச் சொல்லல. அவர் மெஷின்லயும் அந்தத் தப்பு வந்தாத்தானே அவரால தேட முடியும். வழியச் சொல்லுங்க."

அன்றைக்கே பதில் போட்டவருக்குக் கறார் என்று பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்த பிறகு கோபம் கொஞ்சம் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, நாத்தனாரின் மடிக்கணினியில் அந்த மென்பொருளைப் புதிதாக இறக்கி வைத்தார்கள். உள்ளே ஒரு டிரைவரும் இல்லை. டூட்டியம்மா பூசணிக்காய் என்று ஒரு டிரைவரை உருவாக்கினார். பூசணிக்காய்க்கு முப்பத்தொன்றாம் தேதி இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை ஒரே ஒரு டூட்டி. நான்கு மணி நேரம் வர வேண்டும். இரண்டுதான் வந்தது. அதே டூட்டியை முப்பதாம் தேதிக்கு மாற்றினார். ஒழுங்காக நான்கு வந்தது.

இதை ஆறு வரியில் எழுதி அனுப்பினார். சாயங்காலத்துக்குள் கறார் பதில் போட்டார். "எனக்கும் வருகிறது. இது உண்மையான பிழை. துல்லியமாகச் சொன்னதற்கு நன்றி. அடுத்த வெளியீடு வரும் மாதம் இருபத்தைந்தாம் தேதி. எங்களில் யாருக்கும் அதற்குள் கை ஒழியாது. நீங்களே திருத்திப் பார்க்கிறீர்களா? இல்லையென்றால் நான்கு மாதம் கழித்து வரும் வெளியீட்டில் பார்க்கலாம்."

நான்கு மாதம் கழித்து வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? நிதானத்தின் விசாரணை இருபத்தெட்டாம் தேதி. டூட்டியம்மா நாத்தனாரைப் பார்த்தார்.

"நான் எழுத மாட்டேன்" என்றாள் நாத்தனார், கேட்பதற்கு முன்பே. "வழி காட்டுறேன். ஷிப்டுன்னா என்ன, நைட் டூட்டின்னா என்ன, எனக்கு ஒண்ணும் தெரியாது. அது உங்க தலைக்குள்ள இருக்கு. நீங்கதான் எழுதணும்."

அதன் பிறகு தினமும் மதியம் அரை மணி நேரம், டிப்போ அறைக் கதவு சாத்தியே இருந்தது. டூட்டியம்மா சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலும் அச்சடித்த மென்பொருள் நிரலை மறு கையிலும் வைத்துக்கொண்டு படித்தார். முதல் வாரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு விஷயம் பிடிபட்டது. இதை எழுதியவர்களும் பட்டியல்தான் போட்டிருக்கிறார்கள். இது நடந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் இதைச் செய் என்று. இந்த வேலையைத்தானே அவர் இருபத்து மூன்று வருடமாகச் செய்கிறார்? நள்ளிரவு தாண்டும் டூட்டியை இரண்டாக வெட்டி, பின்பாதியை மறுநாள் கணக்கில் போடும் இடத்தைக் கண்டுபிடித்தார். மறுநாள் அதே மாதத்தில் இருந்தால் போடு என்று அங்கே எழுதியிருந்தது. அதே மாதத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை.

"பிடிச்சேன்" என்று டப்பாவைக் கீழே வைத்தார்.

திருத்தம் மூன்றே வரி. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அனுப்பினார். ஆனால் அதை மட்டுமா அனுப்பினார்? இல்லை. அழுக்குப் பேரேட்டைத் திறந்தால் ஒழுங்குபடுத்தாமல் மூட முடியாத ஜென்மம் அவர். அந்தக் கோப்பு முழுக்க வரிகள் கோணலும் மாணலுமாக இருந்தன. நேராக்கினார். ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் இருந்தது. ஒன்றாக்கினார். மேலே இருக்க வேண்டியது கீழே கிடந்தது. தூக்கி மேலே வைத்தார். மொத்தம் நானூற்றுச் சொச்சம் வரிகள் மாறியிருந்தன. வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு வந்த திருப்தியோடு அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

கறார் அதைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார். "இந்த நானூறு வரியில் பிழைத்திருத்தம் எது? என்னால் சரிபார்க்க முடியாது. திருத்தத்தை மட்டும் அனுப்புங்கள்."

"சும்மா சுத்தம் பண்ணிக் குடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி சாத்திட்டாரு பாத்தியா" என்று டூட்டியம்மா பொருமினார்.

நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, உங்க லீவுல வந்து உக்காருறவர் ஒரு டிரைவரை மாத்துறேன்னு சொல்லி முழுப் பட்டியலையும் அழகா எழுதி வெச்சா என்ன பண்ணுவீங்க?"

மாற்று குமாஸ்தா ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறார். மாறியது யார், மாறாதது யார் என்று தெரியாமல் அன்று டிப்போவே நாறிப்போயிற்று. ஒரு ஆள் மாறினால் ஒரு வரியை மட்டும் மாற்று என்று அவரை நிற்கவைத்துத் திட்டியதே டூட்டியம்மாதான். மறுநாள் பழைய கோணல் வரிகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று வரியை மட்டும் அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் கறார் தன் பெயருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டார். பதினோரு நாள், தினம் ஒரு கேள்வி. பிப்ரவரி இருபத்தெட்டு என்றால்? லீப் வருடம் என்றால்? ஒரு டூட்டி இருபத்து நாலு மணி நேரத்தையும் தாண்டினால்? ஒவ்வொரு சூழ்நிலைக்கும் ஒரு சோதனை எழுதித் தாருங்கள், நாளைக்கு வேறு யாராவது கை வைத்து இதைக் கெடுத்தால் அந்தச் சோதனை கத்த வேண்டும் என்றார். இதற்கெல்லாம் டூட்டியம்மா அசருவாரா? வண்டி நடுவழியில் நின்று, மாற்று வண்டி வராமல், டிரைவர் விடிய விடியக் காத்திருந்த டூட்டி எல்லாம் அவர் பார்த்தாயிற்று. கறார் கேட்டது பதினொன்று, டூட்டியம்மா எழுதிக் கொடுத்தது பதினான்கு.

பன்னிரண்டாவது நாள் கறார் ஒரே வரி போட்டார். "டிசம்பர் முப்பத்தொன்றை முயன்று பார்த்தீர்களா?"

முயன்று பார்த்தார்கள். டூட்டியம்மாவின் திருத்தம் அடுத்த மாதத்துக்குப் போ என்று சொல்ல, கம்ப்யூட்டர் பதின்மூன்றாம் மாதத்தைத் தேடிப் போய் அப்படியே நின்றுவிட்டது. பதினான்கு சோதனை எழுதியவர் வருடக் கடைசியைக் கோட்டை விட்டிருந்தார். டூட்டியம்மா அதை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "மனுஷன் கெட்டிக்காரர்தான்" என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கோளாறைத் திருத்தி, பதினைந்தாவது சோதனையையும் சேர்த்தார்.

இதற்குள் அந்தப் பக்கத்தில் வேறு ஆட்களும் எட்டிப் பார்த்திருந்தார்கள். எங்கோ ஒரு மருத்துவமனையில் நர்ஸுகளுக்கு ஷிப்ட் போடுகிற ஒருவர், எங்கள் இரவு நர்ஸுகளுக்கும் மாதக் கடைசியில் இப்படித்தான் குறைகிறது, காரணம் தெரியாமல் இருந்தோம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது டூட்டியம்மாவுக்குக் கண் கலங்கியது. முகம் தெரியாத அந்த நர்ஸுகளுக்காக ஒரு பங்கு, ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் பேசாமல் திரும்பிப்போன நிதானத்துக்காக மூன்று பங்கு.

இருபத்திரண்டாம் தேதி வந்தது. ஒரு திருத்தம் உள்ளே போக இரண்டு பேர் சம்மதம் வேண்டும். இரண்டாவது ஆளின் சத்தத்தையே காணோம். டூட்டியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தயவுசெய்து விரைவாகச் சேர்க்க முடியுமா, இருபத்தெட்டாம் தேதி விசாரணை என்று கறாருக்கு ஒரு வரி எழுதினார்.

கறார் முதல் தடவையாக நீளமாக எழுதினார். "உங்கள் முதல் கடிதத்தை நான் மறக்கவில்லை. அதனால்தான் அவசரப்பட மறுக்கிறேன். அந்தப் பிழையான வரி எப்போது சேர்ந்தது என்று வரலாற்றில் பாருங்கள். ஆறு வருடத்துக்கு முன்பு, ஒரு வெளியீட்டுக்கு முந்தைய நாள், யாரையும் கேட்காமல் அவசரமாகச் சேர்த்தது. எழுதியவன் நான். உங்கள் டிரைவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். இன்னொருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்."

நாத்தனார் அந்த வரலாற்றைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார்கள் என்று அதில் இருந்தது. கறாரின் பெயரும் இருந்தது.

"இதை அவர் அழிச்சிருக்கலாமே" என்றார் டூட்டியம்மா.

"அழிக்க மாட்டாங்க அண்ணி. தப்பு அப்படியே இருக்கும். அதுக்கு மேல திருத்தம் வரும். ரெண்டும் தெரியணும்."

டூட்டியம்மா அந்தத் தேதியையும் பெயரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து நான்காம் தேதி இரண்டாவது சம்மதம் விழுந்தது. இருபத்தைந்தாம் தேதி புதிய பதிப்பு வெளிவந்தது. என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்லும் பட்டியலில் ஏழாவது வரி இப்படி இருந்தது: மாதக் கடைசி நள்ளிரவைத் தாண்டும் பணிநேரம் விடுபட்டுவந்த பிழை சரிசெய்யப்பட்டது. கண்டறிந்து திருத்தியவர்: டூட்டியம்மா.

விசாரணை, தலைமை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஒரு நீள மேசையில் நடந்தது. அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு படிக்கிற ரகம். எதிரே நிதானம், சலவைச் சட்டையில். நாற்பத்தொன்பது நாளாக டூட்டியம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றும் பார்க்கவில்லை. மேலாளர் இரண்டு பேருக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

டூட்டியம்மா அந்த ஏழாவது வரியை அச்செடுத்து நீட்டினார். அதிகாரி படித்தார்.

"இந்த டூட்டியம்மாங்கிறது யாரு?"

"நான்தான் சார்."

அதிகாரி காகிதத்தைக் கீழே வைத்தார். "அப்போ இது சாட்சியே இல்லையேம்மா. உங்க கூட்டல் சரின்னு நீங்களே எழுதிக் கொண்டுவந்திருக்கீங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். நிதானம் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

டூட்டியம்மா அசரவில்லை. "எழுதினது நான்தான் சார். உள்ள விட்டது நான் இல்ல" என்றார். "முதல்ல அனுப்பினதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவதுல தப்புக் கண்டுபிடிச்சாங்க, அதுவும் நியாயமான தப்பு. ரெண்டு பேர் சரின்னு சொன்ன பிறகுதான் சேத்தாங்க. அவங்க எனக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. முகத்தைக்கூடப் பாத்ததில்ல. நாங்க பேசினது, சண்டை போட்டது, நான் சறுக்கினது எல்லாம் இன்டர்நெட்ல அப்படியே இருக்கு. படிச்சுப் பாருங்க. அப்புறம் உங்க ஆளை விட்டுப் புதுப் பதிப்பைப் போட்டுப் பாருங்க. நான் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே வரல."

அதிகாரி படித்தார். அரை மணி நேரத்துக்கு மேல் படித்தார். பதின்மூன்றாம் மாதம் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு அலுவலகத்துக் கணினிக்காரரைக் கூப்பிட்டுப் புதிய பதிப்பைப் போடச் சொல்லி, நிதானத்தின் பதினான்கு நாளையும் அவர் கையாலேயே ஏற்றச் சொன்னார். திரையில் தொண்ணூற்றொரு மணி வந்தது. பக்கத்தில் சிவப்பு.

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார்.

"டிரைவர் மேல குற்றம் இல்ல" என்று அதிகாரி எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு அந்த மறுப்புச் சீட்டைக் கோப்பிலிருந்து உருவினார். "இதை எடுத்துடலாம்மா. இல்லாத மாதிரியே போயிடும். உங்களுக்கும் நல்லது."

"எடுக்காதீங்க சார்."

"இது இருந்தா உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும். அது நான் போட்ட கையெழுத்து. அது அங்கேயே இருக்கட்டும். அதுக்குக் கீழ, இது தப்பு, தப்புப் பண்ணினது நான்னு எழுதி இன்னொரு கையெழுத்துப் போடுறேன். நாளைக்கு எடுத்துப் பாக்குறவங்களுக்கு ரெண்டும் தெரியணும்."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சீட்டை மேசை மேல் தள்ளினார். டூட்டியம்மா எழுதினார், தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னதை நம்பல, மெஷினை நம்பினேன். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு."

நிதானம் அந்தச் சீட்டை எடுத்து, புது வரியைக் கடைசி வரை படித்தார். அவசரப்பட்டு எதையும் சொல்கிற ஆள் இல்லை அவர்.

"நாப்பத்தொம்பது நாளும் உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "சரி, நாளைக்கு எனக்கு எந்த வண்டி?"

"நாளைக்கு உங்களுக்கு வண்டி கிடையாது. முப்பது நாளுக்கு மேல ஓட்டாதவங்க முதல்ல சோதனை ஓட்டம் போகணும். காலைல எட்டு மணிக்கு வாங்க."

அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழே முக்காலுக்கே வந்துடறேன்" என்றார் நிதானம். "அந்தப் பதினஞ்சு நிமிஷத்தையும் எழுதிக்குவீங்கதானே?"

"காத்திருக்கிறது ஓட்டுற நேரத்துல சேராது. ஓட்டினதை மட்டும்தான் எழுதுவேன்" என்றார் டூட்டியம்மா. "ஆனா அதுல ஒரு நிமிஷம் விட மாட்டேன்."